கப்பல் யார் கையில் இருந்தது

இப்போதெல்லாம் எவனும் வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை. ஒன்று கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். இல்லாவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுகிறான். அது ஆமாமா, இல்லையா, கழுத்து வலியா என்று அவனுக்கே தெரியாது. போன வாரம் கடைக்காரனிடம் மெழுகு நூல் வந்துவிட்டதா என்று ஆள் விட்டுக் கேட்டேன். விரலைத் தூக்கினானாம். வெயிலில் நடந்து போனால், நூல் இனிமேல்தான் வரப்போகிறதாம். கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு. மனுஷனுக்கு நாக்கு எதற்கு, சோற்றைத் தள்ளிவிட மட்டும்தானா?

நான் அதிகம் படித்தவன் இல்லை. கையெழுத்துப் போடுவேன், திசைகாட்டியில் எண் பார்ப்பேன். அது போதுமென்று கப்பலில் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பு கேட்டவரை சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தேன். இப்போது நூலேணி கட்டுகிறேன். துறைமுகத்துக்குள் கப்பலைக் கூட்டிப் போக வருகிற பைலட், படகிலிருந்து ஓடுகிற கப்பலின் பக்கவாட்டைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும். அவருக்கான ஏணி. பலகைப் படியைக் கயிறுகளுக்கு நடுவே கொடுத்து, மேலும் கீழும் மெழுகு நூலால் சுற்றி இறுக்க வேண்டும். கயிறு கையைக் கிழிக்கும். மழை நாளில் நூல் வழுக்கும், வெயில் நாளில் மெழுகு உருகி விரலோடு ஒட்டும். நான் கட்டியதை நானே காலால் மிதித்து, தோளால் இழுத்துப் பார்ப்பேன். அடுத்தவன் கட்டியதை நம்பவே மாட்டேன். என்னையே பாதிதான் நம்புவேன்.

என் வேலைக்கொட்டகை ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், முன்பக்கம் ஒட்டி இறக்கியது. தகரக் கூரை. பக்கத்திலேயே மாடிப்படி ஏறுகிறது. மாடியில் பேசுவதெல்லாம் அந்தப் படி வழியாக இறங்கி என் மடியில் விழும். நான் ஒட்டுக் கேட்பதில்லை. காதை எங்கே கழற்றி வைப்பது?

மாடியில் இருப்பவர்கள்தான் வீட்டுக்காரர்கள். அந்தத் தம்பி சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். காலையில் தலையைக்கூட உலர்த்தாமல் ஓடுவாள். சாயங்காலம் வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் டீ இறங்கி வரும். அவளுக்கு ஒரே அண்ணன். அவனும் கப்பல்காரன்தான், கேப்டன். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்க வைத்து, தன்னிடம் வேலை பார்த்த பையனையே பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தவன். சின்னக் கம்பெனி, கேட்பார் யாருமில்லை. அதனால் மாப்பிள்ளையைத் தன் கப்பலிலேயே வைத்துக்கொண்டான். கேள்விப்பட்டபோதே எனக்குப் பிடிக்கவில்லை. கப்பலில் சொந்தக்காரன் இருக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது, திட்டினால் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் தம்பி பையோடு வந்து இறங்கினான். வர வேண்டிய காலமில்லை. மனைவிக்குப் போன்கூடச் செய்யவில்லை போல. அவள் வேலையில் இருந்தாள். பூட்டிய வீட்டுக்கு எதிரே, படியில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று கூப்பிட்டேன். வந்து, அடுக்கி வைத்திருந்த படிப்பலகைகள் மேல் உட்கார்ந்தான். தானாகவே சொல்ல ஆரம்பித்தான்.

மத்தியான வாட்ச் அவனுடையது. வாட்ச் என்றால் அந்த நேரத்துக்குக் கப்பல் அவன் பொறுப்பு. எதிரே எது வந்தாலும் திருப்புவதும் நிறுத்துவதும் அவன்தான். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் மூடுபனி இறங்கியிருக்கிறது. கப்பலின் மூக்கைத் தாண்டினால் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்ததாம். மூடுபனி வந்தால் கேப்டனைக் கூப்பிட வேண்டும் என்பது எல்லாக் கப்பலிலும் சட்டம். கூப்பிட்டிருக்கிறான். கேப்டனும் வந்திருக்கிறான், வீட்டுச் செருப்போடு, கையில் டீக் கோப்பையோடு. ரேடார் முன்னால் நின்று, அதைத் திருகி, தூரத்தைக் கூட்டி வைத்துப் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்ததும் இவன் பின்னால் இருக்கும் வரைபட மேசைக்குப் போய்விட்டான், கப்பல் எங்கே நிற்கிறது என்று குறிக்க.

"மச்சான் மேல வந்து ரேடாரைத் தொட்டா, அவரு எடுத்துக்கிட்டாருன்னு அர்த்தம் பெரியப்பா. எப்பவும் அப்படித்தான்" என்றான்.

வாயால் சொன்னாரா என்று கேட்டேன்.

"சொல்லல."

"நீயாவது கேட்டிருக்கலாமே."

அவன் என்னை முறைத்தான். "எப்படிக் கேக்கறது? வேற கேப்டன்னா கேப்பேன். கேட்டும் இருக்கேன். 'சார், நீங்க எடுத்துக்கிட்டீங்களா'ம்பேன், அவரு 'நான் எடுத்துக்கிட்டேன்'னு சொல்லுவாரு, நானும் திருப்பிச் சொல்லுவேன், அப்புறம்தான் கையை விடுவேன். இவரு என் பொண்டாட்டியோட அண்ணன். இவருகிட்டப் போய், வாயால சொன்னாத்தான் நம்புவேன்னு நிக்கறதா? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காது?"

நான் நூலை இழுத்துக் கட்டினேன். அவன் சொன்னதில் எனக்குப் பாதி புரிந்தது, பாதி பிடிக்கவில்லை.

வெளியே, கப்பலை ஓட்டுகிற மேல் அறையான பிரிட்ஜின் இடது ஓரத்தில், கண் பார்க்கும் ஆள் ஒருத்தன் நின்றிருக்கிறான். லுக்அவுட் என்பார்கள். எதிரே எது தெரிந்தாலும், எது கேட்டாலும் குரல் கொடுப்பது அவன் வேலை. அவனை எனக்குத் தெரியும், என்னோடு இரண்டு கப்பலில் இருந்தவன். எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். தூக்கத்திலும் பேசுகிறவன். பேச ஆளில்லாவிட்டால் பெயின்ட் டப்பாவோடு பேசுவான். அவன் தலையை உள்ளே நீட்டி, இடது பக்கம் முன்னால் படகு என்று கத்தியிருக்கிறான்.

"கேட்டுதா உனக்கு?"

"கேட்டுது. சரின்னேன்."

"உன் மச்சானுக்கு?"

"அவரும் சரின்னாரு. அதான் பெரியப்பா. ரெண்டு பேரும் சொன்னோம்."

இரண்டு சரி. சுக்கானைத் திருப்பச் சொல்ல ஒருத்தரும் இல்லை. வேகத்தைக் குறைக்க இன்ஜின் அறைக்குப் போன் போட ஒருத்தரும் இல்லை. நேரே போய் ஒரு மரப்படகின் மேல் ஏறிவிட்டது. படகு இரண்டாய்ப் பிளந்து போயிற்று. தண்ணீரில் விழுந்தவர்களில் ஒருத்தன் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டுத் தம்பி தன் ஈரச் சட்டையைப் பிழிந்தான். என் கொட்டகைத் தரையிலேயே பிழிந்தான்.

இப்போதைய கப்பல்களில் பிரிட்ஜில் பேசுவதையெல்லாம் பதிந்து வைக்கிற பெட்டி ஒன்று உண்டாம். ஆனால் விபத்து நடந்தால் ஒரு பொத்தானை அமுக்கிச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதை அழித்துக்கொண்டே புதியது ஓடும். அதை அமுக்கினாயா என்று கேட்டேன். இல்லையாம். மச்சான் அமுக்கியிருப்பார் என்று இவன் இருந்திருக்கிறான். மச்சான் என்ன நினைத்திருப்பான் என்று கேட்கவே வேண்டியதில்லை.

கம்பெனி இரண்டு பேரையும் இறக்கிவிட்டது. விசாரணை எங்கள் ஊர்த் துறைமுக அலுவலகத்தில். கப்பல் யார் கையில் இருந்ததோ அவன் சர்டிபிகேட் போகும். சர்டிபிகேட் போனால் அவன் கப்பல்காரனே இல்லை. கரையில் கோணி தைக்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஒருத்தன் பிழைக்க வேண்டுமென்றால் இன்னொருத்தன் போக வேண்டும்.

விசாரணைக்காகக் கேப்டனும் வந்து சேர்ந்தான். விடுதியில் தங்கியிருக்கலாம். தங்கை வீடு இருக்கும்போது விடுதியில் தங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று நேரே இங்கேதான் வந்தான். நல்ல ஆள்தான் பார்வைக்கு. முடியெல்லாம் நரைத்து, இஸ்திரி கலையாத சட்டை போட்டு, கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துகிறவன்.

அன்றிலிருந்து மாடியில் இரண்டு ஆண்கள், ஒரு சோபா, ஒரு குளியலறை. ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சில்லை. எல்லாம் அந்தப் பெண் வழியாகத்தான். குளித்தாயிற்றா என்று உன் வீட்டுக்காரரிடம் கேள் என்பான் ஒருத்தன். உங்கண்ணனுக்கு மின்விசிறி வேண்டுமா கேள் என்பான் இன்னொருத்தன். மின்விசிறி இருவர் தலைக்கு மேலேயும் ஒன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நரம்பு தேடிவிட்டு வந்து, இங்கே இரண்டு பேருக்கும் நடுவில் கரண்டியோடு நிற்பாள். முதல் கரண்டி சோற்றை யாருக்குப் போடுவது என்று அவள் யோசித்துக்கொண்டே நிற்பதை ஒரு நாள் டம்ளரைக் கொடுக்கப் படியேறியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசியில் இரண்டு தட்டையும் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டு போய், அங்கேயே போட்டு எடுத்து வந்தாள்.

ஒரு காலை கேப்டன் என் கொட்டகைக்கு வந்தான். ஏணியைத் தடவிப் பார்த்தான். கட்டு நன்றாக இருக்கிறது என்றான். அது எனக்கே தெரியும் என்றேன். சிரித்தான். பிறகு அவன் பக்கத்து நியாயத்தை எடுத்தான். தான் ரேடாரைத் திருகியது சும்மா பார்ப்பதற்காக என்றான். கேப்டன் மேலே வந்து நின்றால் மட்டும் வாட்ச் கைமாறிவிடாது, நான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால்தான் மாறும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றான். அது உண்மைதான். சுக்கான் பிடித்த எனக்கே தெரியும்.

"அப்ப எடுத்திருக்கலாமே" என்றேன். "மூடுபனி. உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. அது போனபிறகு சொன்னான்.

"எடுத்துக்கணும்னுதான் மேல வந்தேன் பெரியவரே. அவன் மூஞ்சியைப் பார்த்தேன். தங்கச்சி புருஷன். சுக்கான்காரன் பக்கத்துல நிக்கறான். அவன் முன்னால 'விடு, நான் பாத்துக்கறேன்'னு சொன்னா, இவனை நம்பலன்னு ஆயிடும். வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவான்? அதனால சொல்லல. பக்கத்துல நிப்போம், அவனே பாத்துப்பான்னு நின்னேன்."

அதாவது, இவன் அவனுக்கு மரியாதை கொடுத்திருக்கிறான். அவன் இவனுக்கு மரியாதை கொடுத்திருக்கிறான். கப்பலை யாரும் ஓட்டவில்லை. இருவர் கண்ணும் திறந்திருந்தது, இருவர் காதும் கேட்டது, இருவரும் படித்தவர்கள். நான் நூலை வெட்டிவிட்டு, இதை அப்படியே விசாரணையில் சொல்லிவிடுங்கள் என்றேன். எதை என்று கேட்டான். இரண்டு பேருமே எடுக்கவில்லை என்பதை என்றேன்.

"சொன்னா ரெண்டு பேருக்கும் போயிடும்" என்றான் கேப்டன். "அது எப்படி நியாயம்?"

எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய நாரைத் தட்டிவிட்டு மேலே போனான். தண்ணீரில் போனவன் பேச்சை அவனும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் யாருமே எடுக்கவில்லை. 'அந்த விஷயம்' என்பார்கள். அந்த விஷயம் நடந்ததிலிருந்து தூக்கமில்லை, அந்த விஷயத்தால் பசியில்லை. அந்த விஷயத்துக்குத் தலை, கை, கால், வீடு வாசல் இருந்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

யோசனையைக் கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். நான் அவளைக் குறை சொல்ல வரவில்லை. நடுவில் நின்றவள் அவள்தான், அவளுக்குத்தான் வழி தேவைப்பட்டது. விடுமுறை நாள். மழைவிட்டுப் புழுக்கம். மாடியில் முட்டை பொரிக்கும் வாசனை. பேச்சு முழுவதும் படி வழியாக இறங்கியது. இரண்டு பேரும் சரி என்று சொன்னதால்தானே இவ்வளவும், கண் பார்க்கிற அந்த ஆள் குரலே கொடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டாள். முதலில் தட்டில் கரண்டி உரசும் சத்தம்தான். பிறகு தம்பி ஏதோ சொன்னான். பிறகு கேப்டன். பிறகு அவளை நடுவில் வைக்காமல் அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேராகவே பேச ஆரம்பித்தார்கள். மூடுபனியில் மரப்படகு ரேடாரில் சரியாக விழாது. கண் பார்க்கிறவன் சொன்னால்தான் தெரியும். அவன் சொல்லவில்லை, அல்லது நெருங்கியபிறகுதான் சொன்னான். சுக்கான்காரன் கேப்டன் சொன்னதைத்தான் சொல்வான். அப்போது கப்பல் யார் கையில் இருந்தது என்ற கேள்வியே வராது. இரண்டு பேருக்கும் எச்சரிக்கையோடு போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் வந்து சேர்ந்தபிறகு முதல் சிரிப்பு. மாப்பிள்ளை, இன்னொரு முட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேப்டன் சொன்னதும் கேட்டது.

சாயங்காலம் அவள் டீயோடு இறங்கி வந்தாள். டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். போகவில்லை. ரேடியோ என் பேச்சைக் கேட்பானே, நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள்.

"நான் எதுக்கும்மா சொல்லணும்?"

"நீங்க சொன்னா அவருக்கு மனசுல உறுத்தாது பெரியப்பா."

"உறுத்தட்டுமே."

அவள் பலகை மேல் உட்கார்ந்தாள். நாளெல்லாம் ஊசி பிடிக்கிற விரல், மடியில் சும்மா கிடந்தது. "எனக்கு ரெண்டு பேரும் வேணும் பெரியப்பா. அண்ணனோடது போனா, இவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இவரோடது போனா, எங்கண்ணனை வாசல்ல எப்படி வான்னு கூப்பிடுவேன்? நீங்களே சொல்லுங்க."

"ரேடியோவுக்கும் வீட்டுல ஆளு இருக்கும்மா."

"அவருகிட்டப் போறதுக்கு என்ன இருக்கு? சர்டிபிகேட்டா போகப் போகுது? திட்டுவாங்க. அதோட சரி."

திட்டுவதோடு சரியாய்ப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். முன்னால் இருப்பதைப் பார்க்காதவன் என்று ஒருமுறை பேர் விழுந்தால், அந்த ஆளை எந்தக் கப்பலும் பிரிட்ஜில் நிறுத்தாது. அதையும் சொன்னேன். அவள் அழுதாளா, புழுக்கத்தில் வேர்த்ததா, எனக்குத் தெரியவில்லை. இருட்டுக் கட்டத் தொடங்கியிருந்தது. என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். வெறும் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு டீ இறங்கவில்லை. பரவாயில்லை. அவள் டீயில் எப்போதுமே சர்க்கரை அதிகம்.

நான் சொல்லாவிட்டால் என்ன, ரேடியோ தானாகவே வந்தான். விசாரணைக்கு முந்தின நாள், சாட்சி சொல்ல, நீல சட்டை போட்டுக்கொண்டு, முடிக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு. தெருமுனையிலிருந்தே அவன் சத்தம் வந்தது. ஆட்டோக்காரனிடம் அவன் ஆட்டோவின் சக்கரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, இன்னும் நீ சாகலையா" என்றான்.

"நீ வாயை மூடினதும் சாகலாம்னு இருக்கேன்" என்றேன்.

மேலே கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் கேப்டனுக்கும் செகண்ட் ஆபீசருக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். காயப்போட்ட நூலை எடுக்கப் படியேறியபோது ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. கப்பலில் ஆபீசர்கள் சாப்பிடுகிற அறை வேறு, நாங்கள் சாப்பிடுகிற அறை வேறு. அந்தப் பக்கம் துடைப்பத்தோடுதான் போயிருப்பான். இன்றைக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான், முழுதாய்ச் சாயாமல். அவள் அவனுக்குத்தான் முதலில் சோறு போட்டாள். யோசிக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் அவன் பேச்சுச் சத்தமே கேட்டது. மீன் நன்றாக இருக்கிறது என்றான், தன் மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள் என்றான். பிறகு கேப்டன் தணிந்த குரலில் பேசினான். ரேடியோ பேச்சு நின்றது. அவன் பேச்சு நின்று நான் கேட்டதே இல்லை. கையிலிருந்த நூலை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இல்லை என்று சொல்வான் என்று நினைத்தேன். என்னை அறியாமல் அப்படி நினைத்தேன்.

"சரிங்க சார்" என்றான். "அதுக்கென்ன. சொல்லிட்டாப் போச்சு."

கீழே இறங்கி வந்தபோது வெற்றுப் பலகையில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டான். ஏண்டா ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். அடுத்த கப்பலுக்கு ஆள் எடுக்கும்போது தன்னைப் பார்த்துக்கொள்வதாகக் கேப்டன் சொல்லியிருக்கிறார் என்றான். மகளுக்கு இன்னும் படிப்பு இருக்கிறது என்றான்.

"நீ கத்தினயா, இல்லையா?"

"கத்தினேண்ணே. தொண்டை கட்டற மாதிரி கத்தினேன். படகுல ஒரு ஆளு எழுந்து நின்னு கையை ஆட்டினான். சிவப்புப் பனியன். அவனையும் பாத்தேன். திரும்பி இவங்களைப் பாத்தா, ரெண்டு பேரும் சரிங்கறாங்க. அப்பாடா, ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருச்சுன்னு நான் நிம்மதியா நின்னேன்." நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்தான். "ஒருத்தர் மட்டும் சரின்னு சொல்லியிருந்தா, என்னடா திருப்பக் காணோமேன்னு இன்னொரு தடவை கத்தியிருப்பேன்."

"அதைத்தாண்டா நாளைக்கு உள்ள போய்ச் சொல்லணும்."

"சொன்னா ரெண்டு பேரு வீட்டுலயும் அடுப்பு அணையும். அந்தம்மா எனக்குத்தான் முதல்ல சோறு போட்டாங்க அண்ணே."

"உன் அடுப்பு?"

அவன் சிரித்தான். "வாழ்க்கை பூரா எல்லாரும் என்னை வாயாடின்னுதானே சொன்னீங்க. ஒரு தடவை பேசாம இருந்ததா இருந்துட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அறிவு கெட்டவனே என்று திட்டினேன். வாங்கிக்கொண்டான். அவன் எதையும் வாங்கிக்கொள்கிறவன். போகும்போது, சிவப்புப் பனியன் விஷயத்தை மேலே சொல்ல வேண்டாம், சாப்பிடுகிற இடம் என்றான்.

விசாரணைக்கு நான் போகவில்லை. போய் என்ன செய்ய? காலையில் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள். ரேடியோ ஓட்டுநருக்குப் பக்கத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டு. வெயில் ஏறியது. தகரம் சுட்டது. நான் ஒரு ஏணியின் மேல்முனையைக் கட்டி முடித்து, மிதித்துப் பார்த்து, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடியும் கட்டினேன். அந்தப் பெண் வேலைக்குப் போகவில்லை. மாடியில் நடந்துகொண்டே இருந்தாள். கொட்டகையை ஒட்டிய மாடித் தரையில் அவள் நடை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது கேட்டது. ஒருமுறை படியில் பாதி இறங்கி என்னைப் பார்த்தாள். நான் நூலை இறுக்கினேன். பார்த்துவிட்டு ஏறிப் போனாள்.

திரும்பி வந்தபோது ஆட்டோவில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கேப்டன் படியேறும்போது தங்கையைக் கூப்பிட்ட குரலிலேயே, தப்பிவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. அவள் ஓடி வந்து முதலில் யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல், இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். விட்டுவிட மாட்டாள் போல இருந்தது. பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆட்டோவின் காலி முன்சீட்டைத்தான் பார்த்தேன்.

மறுநாள் நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். கயிற்றுச் சுருள், பலகை, கத்தி, மெழுகு. துறைமுகத்துப் பின்தெருவில் வேறு ஒரு கொட்டகை சொல்லி வைத்திருந்தேன். தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது தம்பி இறங்கி வந்தான். நன்றாகத் தூங்கிய முகம், மழித்த தாடை. ஏன் பெரியப்பா என்றான். கூரை ஒழுகுகிறது என்றேன். மழை விட்டே எத்தனையோ நாளாயிற்று. சரிசெய்து தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

தானாகவே வண்டியில் ஒரு பலகையைத் தூக்கி வைத்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றான். எச்சரித்து விட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு பேரும் கப்பல் ஏறுகிறார்கள், அதே கப்பல். ரேடியோ என்ன ஆனான் என்று கேட்டேன். இனி அவனைக் கண் பார்க்கும் வேலையில் வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்களாம். மச்சான் பேசி, சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்க இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். வேறு கப்பல். தங்கள் கப்பலில் வைத்துக்கொண்டால் நன்றாக இருக்காது என்றான்.

"பாவம்தான்" என்றான். "ஆனா அவன் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம் பெரியப்பா."

கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தேன்.

"தம்பி. இந்தப் பலகை மேல உக்காந்துதான் சொன்னே. அவன் கத்தினான், உனக்குக் கேட்டுது, நீயும் சரின்னு சொன்னேன்னு."

அவன் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவன் முகத்தில் திருட்டுத்தனம் தேடினேன். கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை.

"அப்படியா சொன்னேன்? அன்னிக்கு நான் ஒரு நிலையிலயே இல்ல பெரியப்பா. அப்புறம் நிதானமா உக்காந்து யோசிச்சுப் பாத்தேன், மச்சானும் யோசிச்சாரு. சத்தம் கேட்ட ஞாபகமே இல்ல. ரெண்டு பேருக்குமே."

மாடியிலிருந்து கேப்டன் கூப்பிட்டான், டீ ஆறுகிறது என்று. தம்பி வந்துட்டேன் மச்சான் என்றான். என்னையும் வரச் சொன்னான், ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள் என்று. நான் வண்டியின் கைப்பிடியைத் தூக்கினேன்.

"அந்தக் கப்பல்ல மறுபடியும் மூடுபனி வரும்" என்றேன். "அப்ப என்ன செய்வே? உன் மச்சானை வாயால சொல்லச் சொல்லிக் கேப்பியா?"

"இனிமே எதுக்குப் பெரியப்பா கேக்கணும்?" என்றான், உண்மையான சந்தோஷத்தோடு. "இவ்வளவு நடந்தப்புறம் நாங்க ஒருத்தரை ஒருத்தர் நல்லாப் புரிஞ்சுக்கிட்டோம்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னாலிருந்து, பார்த்துப் போங்க என்றான். புரிந்துகொண்டார்களாம். பட்டால் மனுஷன் திருந்துவான், நரைத்தால் திருந்துவான் என்று எவ்வளவோ சொல்கிறார்கள், எனக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. தெரு மேடு. வண்டி கனம். நான் நிற்காமல் தள்ளினேன்.